வாய் திறந்த அம்ப்ளிபையர்

இராணுவ முகாமிலிருந்து ஆட்கள் கடைக்குள் வந்த நேரம், என் தொழிலிலேயே ஆகச் சிறந்த வேலையை முடித்துவிட்டு நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஒரு கிற்றார் அம்ப்ளிபையர் இருந்தது. வொலியூமை முழுக்கத் திருகினாலும் அதில் மூச்சுச் சத்தம் இல்லை. இரண்டு கிழமையாகச் சத்தம் போட்டே என் உயிரை வாங்கிய பெட்டி அது. வந்த அதிகாரி ஒன்றைத்தான் கேட்டார். இந்தப் பெட்டி கதைக்குமாம், கதைக்க வை என்றார்.

வால்வு செற்றில் சத்தம் பிடிப்பது எப்படி என்று வேலை பழகுகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதில் நான் கெட்டிக்காரனாக இருந்த இடம் ஒன்று, மடையனாக இருந்த இடங்கள் பல. எது எதுவென்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

1. ஹம்

நான் சம்சுதீன், ஊர்ச் சனத்துக்குக் காக்கா, அதாவது அண்ணன். கல்முனையில் ரேடியோ திருத்துகிறவன். எனக்குச் சோறு போட்டது பள்ளிவாசல் அம்ப்ளிபையர்கள். கடல் வந்து போன பிறகு எங்கள் கரையில் உப்புத் தண்ணீர் குடிக்காத செற் ஒன்றும் இருக்கவில்லை. சனம் சொந்தங்களைப் பறிகொடுத்து நிற்க, எனக்கு மட்டும் வேலை வந்து குவிந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு, சண்டை மறுபடி பிடித்திருந்த காலத்தில் வசந்தன் வந்தான். பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன், கலியாண வீடுகளில் கிற்றார் அடிக்கிறவன். அவனுடைய அம்ப்ளிபையர் இடிந்த சுவருக்குக் கீழே கிடந்து மீண்டது. கிணற்றுத் தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தான். அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில் கிழமைக்கு ஒரு நாள் வாசிக்க இடம் கிடைத்திருந்ததாம்.

“காக்கா, ஹம் ஒண்டு கிடக்கு. இந்தச் சத்தத்தோட வரவேணாமெண்டு ஹோட்டல்காரன் சொல்லிட்டான்.”

கிற்றார் அம்ப்ளிபையரை நான் அதற்கு முன் திறந்து பார்த்ததே இல்லை. அதை அவனிடம் சொன்னேனா? வாய் என்று ஒன்று எனக்கு இருக்கிறதே. இதைப் பூனைக்குட்டி மாதிரி ஆக்கித் தருகிறேன், கிற்றாரையும் வைத்துவிட்டுப் போ என்றேன்.

பவர் சப்ளை கண்டென்சர்கள் ஊதிப்போய் இருந்தன. மாற்றினேன், ஹம் பாதி குறைந்தது. ப்ளக்கில் ஏர்த் வயரை எவனோ வெட்டி விட்டிருந்தான். அதைத் திரும்பப் பூட்டினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. பிறகு வால்வுகளை, அந்தக் கண்ணாடிக் குழாய்களை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தட்ட நான் பாவிப்பது காய்ந்த மிஸ்வாக் குச்சி. கரண்ட் கடத்தாது, கண்ணாடியையும் உடைக்காது. பல்லுக்கு வைத்திருந்ததை நீ வால்வுக்குப் பாவித்துவிட்டாய் என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினார் ஒருமுறை என்னை ஏசியிருக்கிறார். முதலாவது வால்வைத் தட்டியதும் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்டது, அதுதான் கெட்ட வால்வு. பழைய பள்ளிவாசல் செற் ஒன்றிலிருந்து கழற்றிய வால்வை அதில் போட்டேன்.

ஹம் போய்விட்டது. ஹம் போன பிறகுதான் அதற்குக் கீழே ஒளிந்திருந்த சத்தம் கேட்டது.

2. கொரகொர

ஒருவன் வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல இருந்தது. கொஞ்சம் கதைக்கும், நிற்கும், மறுபடி கதைக்கும். ஒரு சொல்லும் விளங்காது.

நான் முதலில் பக்கத்துக் கடை ஹனீபாவின் தையல் மிசின் மோட்டரில் பழியைப் போட்டேன். பெருநாள் உடுப்புக் குவிந்து கிடந்த மனிதரை மிசினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார், சத்தம் நிற்கவில்லை. குளிர்பானக் கடை பிரிட்ஜை நிறுத்தச் சொன்னேன். நிற்கவில்லை. கடைசியில் என் கடை டியூப் லைட்டை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்து கேட்டேன். இருட்டிலும் அது கதைத்தது.

இரண்டாம் நாள்தான் விளங்கியது. எங்கள் தெரு முனையில் முகாம். அங்கே உயரமான கம்பி நட்டிருந்தது. அவர்கள் வயர்லெஸில் கதைக்கிற நேரமெல்லாம் இந்தப் பெட்டியும் கதைக்கிறது.

இப்படி நடப்பது புதினம் இல்லை. கிற்றார் வயர் நீளமானது, அது ஏரியல் மாதிரி அலையைப் பிடிக்கும். ஈயம் வைத்த இடத்தில் உப்புத் துரு ஏறியிருந்தால் அந்தத் துரு ஆதிகாலத்து ரேடியோக் கல்லின் வேலையைச் செய்யும், அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும். மிச்சத்தை வால்வு பார்த்துக்கொள்ளும்.

விளங்கியதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் திருத்தியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வோக்கி டோக்கியின் பெயர் அடிபட்டாலே போதும், கொண்டுபோன ஆளைத் தேடித் தாய்மார் முகாம் முகாமாக அலைவார்கள். எனக்கு அது தெரியாததா? ஆனால் எனக்கோ கண்டுபிடித்துவிட்ட சந்தோசம் தலைக்கு ஏறிவிட்டது. ஹனீபாவைக் கூப்பிட்டேன். அவர் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கூப்பிட்டார். பள்ளியிலிருந்து வந்த இரண்டு பேர் தாமாகவே நுழைந்தார்கள். நான் வாத்தியார் மாதிரி நின்று வொலியூமைத் திருகிக் காட்டினேன்.

“இதென்ன காக்கா, மனிசன் கதைக்கிற மாதிரியெல்லுவா இரிக்கி” என்றார் ஹனீபா.

“மனிசன்தான் கதைக்கிறான்” என்றேன், பெருமையாக.

ஹனீபா நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செய்தி தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது பெட்டி சிங்களத்தில் கதைத்தது. மீன் மார்க்கட்டில் அதற்கு இங்கிலீசும் வந்துவிட்டது. முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது தமிழில் கதைக்கிறது, கேட்ட கேள்விக்கு மறுமொழியும் சொல்கிறது என்று ஆகியிருந்தது.

3. ஆகச் சிறந்த வேலை

இது எதுவும் தெரியாமல் நான் மேசையில் குனிந்திருந்தேன். அந்த அம்ப்ளிபையருக்கு இரண்டு இன்புட் ஜாக். வயரை முதலாவதில் குத்தினால் கதைக்கும், இரண்டாவதில் குத்தினால் கதைக்காது. அப்படியென்றால் களவாணி முதலாவது ஜாக்கில்தான். கழற்றிப் பார்த்தேன். ஏர்த் வயர் பிடித்த இடம் பச்சை பூத்துக் கிடந்தது. ஜாக்கை மாற்றி, ஏர்த்தைச் சுரண்டிப் புதிதாக ஈயம் வைத்து, முதல் வால்வின் காலடியில் ஒரு ரெசிஸ்டரும் போட்டேன்.

ஒன் பண்ணினேன். மௌனம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கழற்றிய ஜாக்கைச் சிறிய பையில் போட்டு அம்ப்ளிபையரின் கைபிடியில் கட்டிவிட்டேன். பழைய சாமானைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இல்லாவிட்டால் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்கிறான் என்பார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போ என்று வசந்தனுக்குச் சொல்லி அனுப்பினேன். பிளேன்டீக்குச் சொன்னேன்.

பிளேன்டீயோடு அதிகாரியும் வந்தார். கூட இரண்டு சிப்பாய்கள், ஒருவனின் முதுகில் வயர்லெஸ் செற்.

4. பழுது வேண்டும்

என் கடைத்தெருச் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். உப்பு, துரு, ஏரியல், கல். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எங்கே, காட்டு என்றார். இப்போது காட்ட முடியாது, திருத்திவிட்டேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே விளங்கியது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இது யாருடையது என்று கேட்டார்.

என்னுடையது என்றேன். இதைச் சொன்னதற்காகப் பிற்பாடு சிலர் என்னைப் புகழ்ந்தார்கள். அதில் வீரம் ஒன்றும் இல்லை. பாண்டிருப்பு வசந்தன் என்கிற பெயரை அந்த நேரத்தில் வாயால் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும், வேறு பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. உன்னுடையதென்றால் வாசி என்று அதிகாரி கிற்றாரைத் தூக்கி என் கையில் தந்தார்.

பிள்ளைகளே, நான் அன்று கிற்றார் வாசித்தேன். பள்ளிவாசல் மைக்கைத் தட்டிப் பார்க்கிற மாதிரி கம்பிகளை மேலிருந்து கீழே ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. இப்போது அவர் கணக்கில் நான் இரண்டு பொய் சொன்னவன். வெளியே அஸருக்குப் பாங்கு சொன்னது, நானே திருத்திக் கொடுத்த ஸ்பீக்கரில், நல்ல தெளிவாக. தொழுகை முடிந்ததும் வசந்தன் வந்துவிடுவான். பெட்டியைக் கதைக்க வைத்து, அது துருவின் வேலைதான் என்று காட்டாவிட்டால் அவன் வீடு திரும்ப மாட்டான்.

பழைய ஜாக் பையில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரெசிஸ்டரைக் கழற்றினேன். புது ஜாக்கைக் கழற்றினேன். அவசரத்தில் ஈயம் உருக்குகிற சூட்டுக் கோலைப் பெருவிரலில் வைத்துக்கொண்டேன். பழைய ஜாக்கைப் பூட்டி ஈயம் வைத்து, வயரைக் குத்தி, வயர்லெஸில் கதைக்கச் சொல்லி அந்தச் சிப்பாயிடம் கெஞ்சினேன். அவன் கதைத்தான். பெட்டி சும்மா இருந்தது.

என் வாழ்க்கையில் ஒரு வேலை பிழையாகப் போக வேண்டும் என்று துஆக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பிறகுதான் உறைத்தது. பயத்திலும் நான் நன்றாக ஈயம் வைத்திருக்கிறேன். பழக்க தோசத்தில் துருவைச் சுரண்டிவிட்டு ஒழுங்காக வைத்துவிட்டேன். மறுபடி ஈயத்தை உருக்கி எடுத்து, துரு மிச்சம் இருந்த பக்கத்தில் ஏர்த் வயரைச் சும்மா கொளுவிவிட்டேன். என்னிடம் வேலை பழகினவன் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பேன்.

சிப்பாய் மறுபடி கதைத்தான். பெட்டி வாய்க்குள் தண்ணீரோடு கொரகொர என்றது.

அதிகாரி சிப்பாயை வெளியே அனுப்பினார், தெருவில் நின்று கதைக்கச் சொன்னார். பெட்டி கொரகொர என்றது. நிறுத்தச் சொன்னார். நின்றது. பிறகு தானே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து தமிழில் “யார்?” என்று கேட்டுப் பார்த்தார். மறுமொழி வரவில்லை. அதற்குத்தான் அவர் முகம் இளகியது என்று நினைக்கிறேன்.

நிமிர்ந்தபோது வாசலில் வசந்தன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. அதிகாரி என்னையும் அவனையும் கிற்றாரையும் பார்த்தார். வசந்தனின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, இதை இன்றைக்கே திருத்து, இனி யாருக்கும் காட்டாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஸ்டூலில் விழுந்தேன். மன்னித்துக்கொள், ஹம்மைத் தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டேன், இது கதைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று வசந்தனிடம் புலம்பினேன். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“எனக்குத் தெரியும் காக்கா. எங்கட வீட்டுக்குக் கிட்டவும் முகாம், மாசக்கணக்கா கேட்டன். அம்மாட்டக்கூடச் சொல்லல்ல. மெத்தையப் போட்டு ஸ்பீக்கர மூடித்தான் வாசிச்சன். ஹம்ம எடுத்தா அதுவும் போயிரும் எண்டு நினைச்சன்.”

மாதக்கணக்காகத் தாயிடம்கூடச் சொல்லாமல் அவன் மூடி வைத்திருந்ததை, நான் தேத்தண்ணிக் கடையைக் கூப்பிட்டு வொலியூம் வைத்துக் காட்டியிருக்கிறேன். என் தொழில் திறமை அவ்வளவுதான். அன்றைக்கே ஜாக்கை மறுபடி மாற்றிக் கொடுத்தேன். அவனுக்கு ஹோட்டல் வேலை நிலைத்தது.

அன்றிலிருந்து செற்றைக் கொண்டுவருகிறவரிடம், என்ன சத்தம் என்று கேட்பதற்கு முன்னால், இந்தச் சத்தத்தை வேறு யார் காதால் கேட்டது என்று விசாரிக்கப் பழகினேன். மீற்றர் பிடிப்பது அதற்குப் பிறகுதான். சண்டை முடிந்த பிறகு இந்தக் கேள்விக்குச் சனம் சிரித்தது. தெரு முழுக்கக் கேட்டது காக்கா, அதனால்தானே உங்களிடம் கொண்டுவந்தோம் என்றார்கள். நானும் சிரித்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

அதற்கும் பிறகு ஒரு நாள் வசந்தன் அதே அம்ப்ளிபையரோடு வந்தான். உடம்பு வைத்திருந்தது, கலியாணமும் முடித்திருந்தான். முகாம் இருந்த இடத்தில் அப்போது புடைவைக் கடை. நான் வழக்கம்போல, என்ன சத்தம் தம்பி என்று கேட்டேன். அவன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில், வால்வு ஒன்று சூடேறினால் உஸ்ஸென்கிறது என்றான். நானும் தணிந்த குரலில், எந்தப் பக்கத்து வால்வு என்று கேட்டேன்.