கட்டின் நடுவில் இருந்த கம்பி

எங்கள் மானேஜருக்கு இரும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் சட்டைக்குப் போடும் இஸ்திரிப்பெட்டி வரைதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் மனிதருக்கு ஞானம் பிறந்துவிட்டது. கண்ணாடி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், மானிட்டர் நெற்றியில் சந்தனம் குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் ஊதுபத்தி வேறு. புகை பட்டால் அது கெட்டுப்போகும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. புதிதாக இன்ஜினியரிங் முடித்து வந்திருந்த நான்தான் அந்தச் சாமிக்குப் பூசாரி.

சதுர இரும்புக் குழாய்களை உலையில் சூடேற்றி, வளைகிற பதத்துக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. மில் எந்திரம் செய்பவர்கள் வாங்கிப்போய் வளைத்துக்கொள்வார்கள். குழாய்களை அடுக்கி, கட்டாகக் கட்டி உள்ளே தள்ளுவோம். நடுக்குழாய் வரை சூடு ஏறாவிட்டால் வளைக்கும்போது விரிசல் விட்டுவிடும். உலையைப் பார்த்துக்கொண்டவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற பாய். பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு கட்டை ஒன்பது மணி நேரம் வைப்பார்.

"எதுக்குவே அம்புட்டு நேரம்? கம்ப்யூட்டர்ட்ட கேளும்" என்றார் மானேஜர் என்னிடம்.

கேட்டேன். என் பெரிய மூளை என்ன செய்தது தெரியுமா? கட்டு முழுவதையும் ஒரே இரும்புக் கட்டியாக வைத்துக் கணக்குப் போட்டது. குழாய்க்குள்ளும் குழாய்களுக்கு இடையிலும் நிற்கிற காற்றை விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் கணக்கு கஷ்டம், அவ்வளவுதான் காரணம். ஐந்து மணி நேரம் போதும் என்று விடை வந்தது. மானேஜர் அந்தத் தாளுக்கும் குங்குமம் வைத்து உலைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

பாய் என்னைத் தேடி வந்தார். கண்ணாடி அறைக்குள் அவருக்கு அனுமதி இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலில் நின்றார்.

"சார், நடுவுல சூடு ஏறாது. மார்கழில ஒரு தடிச்ச போர்வையை விட ரெண்டு மெல்லிசு போர்வை போத்தினா கதகதன்னு இருக்கும்லா? இடையில காத்து நிக்குது சார். இதுவும் அப்படித்தான்."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது பாய்" என்றேன். இன்று நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

ஒரே மாதத்தில் குழாய்கள் திரும்பி வந்தன. கட்டின் நடுவில் இருந்த குழாய்களில் எல்லாம் வளைவில் விரிசல். பாய் நேரத்துக்கு முன்னாலேயே உலையைத் திறந்துவிட்டார், அவரை வேலையை விட்டு அனுப்பப்போகிறேன் என்றார் மானேஜர். விசாரணை என்று ஒரு கூத்தும் வைத்தார். அன்று காலை நான் காற்றையும் சேர்த்துக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதரை மணி நேரம் வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் விசாரணைக்குப் போனேன்.

பாய் ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். அலுமினியக் கம்பித் துண்டுகள். அலுமினியம் உருகும் சூட்டைத் தாண்டினால்தான் குழாய் பதத்துக்கு வரும் என்பதால், ஒவ்வொரு கட்டிலும் வெளிக்குழாயில் ஒன்று, நடுக்குழாயில் ஒன்று என்று போட்டு வைத்திருக்கிறார். வெளியே இருந்தவை உருகி உருண்டையாகிக் கிடந்தன. நடுவில் இருந்தவை போட்டது போட்டபடி நீட்டமாகவே இருந்தன.

"அஞ்சு மணி நேரமும் வச்சேன் சார். நடு வேகல. இதுதான் சாட்சி."

மானேஜர் ஒரு கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தீரா? நீரு சீக்கிரம் திறந்ததுக்கு உம்ம கையாலயே சாட்சி கொண்டாந்திருக்கீரு!"

அட மடையனே! அந்த மூளைக்கு அதற்கு மேல் எட்டாது, அதை விடுங்கள். பாய் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். படிச்சவங்க."

பையில் தாள் இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றேன்.

பாய் கம்பிகளைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் 'கம்ப்யூட்டரில் திருத்தம்' என்று சொல்லி ஒன்பதரை மணித் தாளைக் கொடுத்தேன். மானேஜர் அதற்கும் குங்குமம் வைத்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. தூ!

நாலைந்து வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாய் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன். அவரே கூப்பிட்டுவிட்டார்.

"நல்லா இருக்கியளா சார்? இப்ப எம்புட்டு நேரம் வைக்காங்க?"

"ஒன்பதரை மணி நேரம்."

கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தார்.

"அரை மணி நேரம் சும்மா எரியுது சார். ஒம்பதே போதும்."