அவர் எனக்கிட்ட கட்டளை

பாடசாலையில் நான் ஆங்கில ஆசிரியை. வீட்டிலும் அப்படித்தான் என்று என் கணவர் ஊருக்குச் சொல்லிச் சிரிப்பார். தேற்றாத்தீவில் எங்கள் வீடு என் சீதனம். இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருவான். அப்படி வந்த இந்த மனிதர், இருபத்திரண்டு வருடத்தில் இதைச் செய், அதைச் செய் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவர் சுபாவம் என்று நினைத்து, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வாவியில் மீன் குறைந்து, விடிய விடிய வலை போட்டும் அவர் வெறுங்கையோடு திரும்பத் தொடங்கியிருந்தார். அந்த நேரம் கரையோர விடுதி ஒன்று வெள்ளைக்காரரைத் தோணியில் ஏற்றிப்போக ஆள் தேடியது. அந்த வேலை எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். தோணி விடுவதில் அவரை விஞ்ச ஆளில்லை, ஆங்கிலம்தான் இடித்தது. பயணிகளுக்குச் சொல்ல வேண்டியதை நேர்முகப் பரீட்சையில் சொல்லிக் காட்ட வேண்டும். விடுதி தந்த தாளின் தலைப்பிலேயே ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்ற சொல் இருந்தது.

"அப்பிடியெண்டா படிப்பிக்கிறதோ?"

"அதுவுந்தான். ஆனா இதில, என்ன செய்யவேணும் எண்டு தெளிவாச் சொல்லுறது. லைஃப் ஜாக்கெட்டப் போடு, இரு, எழும்பாத. எங்க, எனக்குச் சொல்லுங்க பாப்பம்."

ஒரு கிழமை முழுக்கக் குசினியில் பழகினோம். வசனமெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் சுவரைப் பார்ப்பார். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளைக்காரன் சுவரிலயோ இருக்கப்போறான்?"

"உன்ர வீட்டில நிண்டு உனக்கு எப்பிடிப் புள்ள கட்டளை போடுற?" என்றார் மெதுவாக.

என் வீடு என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே இத்தனை வருடமும் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சோறு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் நின்றேன்.

பரீட்சையன்று நானும் கூடப் போனேன். பயணி வேடத்துக்கு ஆளில்லாமல் என்னையே தோணியில் ஏற்றினார்கள். கரையில் நின்ற மேலாளர், "இவங்களுக்கு இன்ஸ்ட்ரக்ட் பண்ணிக் காட்டுங்க" என்றார். என் கணவர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். மேலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேலை கைநழுவிப் போகிறது என்று தெரிந்தது. வேண்டுமென்றே எழுந்து நின்றேன். தோணி ஒரு பக்கம் சாய்ந்தது.

"சிட் டவுன்!"

என் முகத்தைப் பார்த்தே கத்தினார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு லைஃப் ஜாக்கெட்டைப் போடச் சொன்னார், வாரை இறுக்கச் சொன்னார், கையை வெளியே நீட்ட வேண்டாம் என்றார். எல்லாம் தடங்கலில்லாத ஆங்கிலத்தில். திங்கட்கிழமை வேலைக்கு வரும்படி மேலாளர் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "கத்திப்போட்டன். கோவமோ?" என்று கேட்டார்.

"இல்ல. இனி வீட்டிலயும் சொல்லுங்க. மனசில என்ன கிடக்கோ, சொல்லுங்க."

ஒரு பஸ் நிற்காமல் போனது.

"பிரஷர் குளிசைய நாள் தவறாமப் போடு," என்றார். "நீ ஒழுங்காப் போடுறதில்ல. ரெண்டு வருஷமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கன். நீ இல்லாட்டி அந்த வீட்டில நான் ஆரு?"

ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.