நடு சீட்டுல மூணு மணி நேரம்

வேகாத சிப்பியைத் தின்னு போன வாரம் எனக்கு வயித்துல கிருமி. கிளினிக்ல ஆன்டிபயாட்டிக், கூடவே புரோபயாட்டிக். வேலை சீக்கிரம் முடியட்டும்னு ரெண்டையும் ஒரே மடக்குல முழுங்கினேன். வயித்துப்போக்கு நிக்கவே இல்ல.

பார்மசியில போய்ச் சொன்னேன். அங்க இருந்த பொண்ணு சிரிச்சிருச்சு. “நல்ல கிருமியையும், அதக் கொல்ற மருந்தையும் ஒண்ணா அனுப்பினா எப்படி அங்கிள்? ரெண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்க.”

அப்படியே செஞ்சேன், நின்னுபோச்சு.

இன்னைக்குப் புஞ்சாக் ஆலாம் யுனிவர்சிட்டியில மகளோட பட்டமளிப்பு விழா. “கதவோரமா உட்காருங்க”ன்னு மனைவி கெஞ்சினா. நான் வரிசைக்கு நடுவுலதான் உட்கார்ந்தேன். மூணு மணி நேரம், அசையல லா!

மகள் பேரைக் கூப்பிட்டாங்க. கை தட்ட எழுந்து நின்னேன்.

மனைவி பதறிப்போய்க் காலை மடக்கி வழி விட்டா. “ஓடுங்க, ஓடுங்க!”

ஏன் லா, ஒரு அப்பன் பெருமையில எழுந்து நிக்கக் கூடாதா?