சோப்புப் பையில் அகப்பட்ட மோதிரம்

கேளம்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோவுக்குள் நசுங்கி உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் ரோஸி போன் செய்தாள். "அக்கா, அம்மா காலைல பூடுச்சுக்கா."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இரண்டு வருடமாக ஒரு வாளித் தண்ணீர் தூக்கமுடியாமல் மூச்சுக்குத் தவித்தவர் அவர். கடற்கரை ஓட்டல் ஒன்றில், முகத்துக்கு ஒரு துணிகூடத் தராமல், பதினான்கு வருடம் ஆசிட் ஊற்றிக் குளியலறை கழுவவைத்தார்கள். டாக்டர் அந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர் அந்த ஓட்டலின் பெயர்தான்.

இன்னொரு நிம்மதியும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னிடம் ஒரு கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார் என்று மனசு சொன்னது. அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்காக எழுதுகிறேன். அந்தக் கேள்வி என்ன என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு மாமல்லபுரத்துக்கு வெளியே இருந்த அந்த ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் சேர்ந்தேன். அக்கா அறைகளைச் சுத்தம் செய்வார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கை சும்மா இருக்காது. சதுரங்கப்பட்டினத்தில் வலை செப்பனிடுகிறவர்கள் வெட்டிப்போடும் நைலான் நூலை முடிச்சுப் போட்டு உருட்டி வைத்திருப்பார். சைக்கிள் ஸ்போக் இரண்டைத் தரையில் தேய்த்துக் கூராக்கிய ஊசிகள். இருபது கண்ணி ஏற்றி, ஒரு சாண் நீளம் பின்னி, மடித்துப் பக்கங்களைத் தைப்பார். வாய்ப்பக்கம் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் கயிறு கோத்து இழுத்தால் பை மூடிக்கொள்ளும். உள்ளே சோப்பைப் போட்டுப் பையோடு தேய்த்தால் நுரை பொங்கும். குளித்தபின் குழாயில் மாட்டிவிட்டால் நீர் வடிந்து, சோப்பு கரையாமல் நிற்கும்.

"யாருக்கா கத்துக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"செங்கல்பட்டு ஆஸ்டல்ல ஒரு மதர். இந்த ஊர் வெய்யிலுக்கு எங்களுக்கு ஸ்வெட்டர் பின்னக் கத்துக் குடுத்தாங்கமே. நல்ல மனசு. அறிவுதான் கொஞ்சம் கம்மி."

ஊழியர்கள் கைகழுவும் இடத்தில் இரண்டு சோப்பு இருக்கும். டப்பாவில் இருப்பது சமையலறை ஆட்களுக்கும் வரவேற்பறை ஆட்களுக்கும். உடைந்த ஓட்டின்மேல் கிடப்பது அறை கழுவி, துணி வெளுக்கும் எங்கள் நால்வருக்கு. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு பை பின்னியபோது எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அவங்க டப்பா சோப்புலயே போயி கை கழுவணும்கா. நீ இன்னாடான்னா தனித்தனியா பை பின்னிக்கினு கீற."

"அவனுங்க கைய எங்கெங்க வெச்சானுங்களோ, யாரு கண்டா? அத்த நான் தொடணுமா? எனக்கு இன்னா தலயெழுத்து?"

நால்வரும் சிரித்த சத்தத்தில் சமையலறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

விருந்தினர் பாதி தேய்த்த சோப்புகளைத் தினமும் மாற்றி, பழையதைக் குழியில் போட்டுப் புதைக்கவேண்டும் என்பது ஓட்டலின் விதி. எடுத்துப்போனால் திருட்டு. நல்ல சோப்பை மண்ணில் புதைக்கச் சொல்லும் விதியை அக்கா மதிக்கவில்லை. துண்டுகளை ஒன்றாக அமுக்கி எங்கள் பைகளில் போட்டுவிடுவார். ஒருநாள் அப்படி என் பையை நிரப்பித் தந்தார். அன்று மதியமே, ஓர் அறையில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மாவின் மோதிரத்தைக் காணவில்லை என்று கூச்சல் எழுந்தது. அந்த அறையைச் சுத்தம் செய்தவர் எஸ்தர் அக்கா. சாயந்திரம்வரை அவரை மேனேஜர் அறை வாசலில் நிற்கவைத்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் மோதிரம் வராவிட்டால் போலீஸ் என்றார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தேன். பைக்குள்ளிருந்து ஏதோ தோளைக் கீறியது. பையைத் திறந்து சோப்பைப் பிளந்தேன். அந்த அம்மா குளிக்கும்போது கழற்றி வைத்த மோதிரம் ஊறிக் குழைந்த சோப்பில் அமுங்கிப்போயிருக்கிறது. அக்கா அதன்மேல் மற்ற துண்டுகளை வைத்து அமுக்கிவிட்டிருக்கிறார்.

அப்போதே பஸ் ஏறியிருக்கலாம். நான் ஏறவில்லை. சோப்புத் திருட்டுக்கு என்னையும் பிடிப்பார்கள் என்ற பயம் பாதி. மீதிப் பாதி ஆசை. மோதிரத்தில் இருந்த கல் எவ்வளவு பெறும் என்று நான் யோசித்தேன்.

காலையில் மோதிரத்தைச் சோப்புக்குள் திணித்து, பையைக் கட்டி எடுத்துப்போனேன். அக்கா அதே வாசலில் நின்றிருந்தார். "இப்ப குளிக்கசொல்ல கைல தட்டுச்சுக்கா," என்றேன். அவர் பையை வாங்கி அமுக்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். மேனேஜரைத் தாண்டி நேரே அந்த அம்மாவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

அந்த அம்மா தானே கயிற்றை இழுத்துத் திறந்தார். மோதிரத்தைப் பார்த்ததும் அழுதுகொண்டே அக்காவைக் கட்டிக்கொண்டார். பின்னால் ஓடிவந்த மேனேஜர், "சோப்ப எதுக்கு எடுத்த? யாரோட பை இது?" என்று கத்தினார்.

"என் பைதான் சார். எடுக்காம குழியில போட்டிருந்தா இந்நேரம் நீதான் சார் மண்ணத் தோண்டிக்கினு இருப்ப."

மேனேஜர் அந்த அம்மா முன்னால் இளித்துவிட்டுத் திரும்பிப் போனார். அக்காவின் வேலை தப்பியது. என் பெயர் எங்கேயும் வரவில்லை. எப்போது கிடைத்தது என்று அக்கா அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் கல்லறை வாசலில் வைத்து ரோஸியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது அம்மாக்குத் தெரியும்கா. இப்ப குளிச்சேன்னு சொன்னியாம், சோப்பு காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சாம். 'தேவி ஒரு நாளு வெச்சிருந்து குடுத்தா. நானா இருந்தா ரெண்டு நாளு வெச்சிருப்பேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது.

மேனேஜர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. அந்த ஆசிட்டையும் மறக்கமாட்டேன். ஆனால் நம்மில் ஒருத்தி தடுமாறிவிட்டுத் தாமதமாக வந்து நின்றால், இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கமாட்டேன். அவள் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். எஸ்தர் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.