ஏழு சிவப்பு நாடாக்கள்

இந்தப் பக்கங்களில் கிழமைகள் இருக்கும், தேதிகள் இரா. பதினாறு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதியவன் நான். ஆனாலும் இதற்குத் தேதி சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் இடையில் வரும். யுத்த காலம், வாடைக்காற்று தொடங்கிய மாதம் என்ற அளவுக்கு நிச்சயமாகச் சொல்லலாம். அத்தானும் அக்காவும் இன்று இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். அத்தான் மேசன். சொந்த ஊர் திரியாய். அங்கே இருக்க முடியாமல் போனபின் நகரத்துக்கு வந்து, கட்டடக் கொந்தராத்துக்காரர்களிடம் வேலை செய்தார். ஒருமுறை விமானத்தளத்துக்குள் களஞ்சியம் ஒன்று கட்டும் வேலை கிடைத்தது. எட்டு மாதம் போய் வந்தார். வேலை முடிந்தும், அதற்குக் கொடுத்த நுழைவு அட்டையை எறியாமல் பணப்பைக்குள் வைத்திருந்தார். குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் திரும்பிய ஒரு நாள், படையினரின் சோதனைச் சென்றியில் அந்தப் பழைய அட்டையைக் கண்டு இறக்கிவிட்டார்கள். மூன்று வாரமாக முகாமில் இருந்தார். எப்போது போய்க் கேட்டாலும் விசாரணை நடக்கிறது என்றார்கள். புதன்கிழமைகளில் மட்டும் அக்கா கம்பிவேலிக்கு இப்பால் நின்று அவரைப் பார்க்கலாம்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. லண்டனிலிருந்த மாமா அனுப்பும் பெட்டிகளில் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை ஒட்டி, தீட்டி, சிறிய விமானங்கள் செய்வேன். பதினொன்று என் அலுமாரியின் மேல் நின்றன. ஒரு சுற்றிவளைப்பின்போது வீட்டுக்குள் வந்த விமானப்படை அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்டார். துப்பாக்கிக்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒன்றைக் கையில் எடுத்துச் சக்கரத்தை விரலால் சுழற்றினார். "நீங்களா செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அடுத்த கிழமை என்னை முகாமுக்கு அழைப்பித்தார்.

அவருடைய மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெறப் போகிறாராம். அந்தப் பெரியவர் முதலில் ஓட்டிய விமானத்தைச் செய்து பரிசளிக்க வேண்டுமாம். பெட்டியைக் கொழும்பில் வாங்கி வைத்திருந்தார்.

"உங்கள் அத்தானின் விசாரணைக் கோவையைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள்," என்றார். "சனிக்கிழமை கொண்டு வாருங்கள். பிந்தினால் செவ்வாய்."

நல்ல மனிதராகவே தெரிந்தார். இன்றும் அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன்.

அது ஒற்றை இயந்திரச் சின்ன விமானம். குண்டு போடுவது. அதன் சத்தத்தை எங்கள் பகுதியில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அக்கா பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"உதுதானே எங்கட தலைக்கு மேல வாறது?"

"ஓம்."

"செய். வடிவாச் செய்," என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே விமானம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை அக்கா அதைச் சுற்ற ஒரு துவாயும் கொண்டுவந்தாள். நான்தான், இன்னும் வேலை இருக்கிறது என்றேன்.

தரையில் நிற்கும் விமானத்தின் சில இடங்களில் சிவப்பு நாடா தொங்கும். சக்கரத்தைப் பூட்டும் ஊசி, இறக்கையில் காற்றின் வேகம் அளக்கும் குழாயின் உறை, இப்படி, பறக்குமுன் கழற்ற வேண்டிய ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் ஒரு எச்சரிக்கை. கழற்ற மறந்தால் விமானம் விழும். சில வருடங்களுக்கு முன் மாமா அனுப்பிய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் இதே ரக விமானத்தின் வண்ணப் படம் வந்திருந்தது. நாடாக்களை எண்ணி, ஏழு என்று அன்றைய குறிப்பில் எழுதி, இடங்களையும் கோட்டுப் படமாகக் கீறி வைத்திருந்தேன்.

"இதைக் கட்டாட்டில் அந்த மனுசன் வேண்டாம் எண்டு சொல்லுவாரோ?"

"சொல்லமாட்டார். ஆனால் முழுமையா இருக்காது அக்கா. செவ்வாய்க்குக் குடுத்தாலும் சரிதானே."

"உனக்குச் சரி. உள்ளுக்க இருக்கிறது நீயோ?"

நாடா கட்டிய விமானம் பறக்காத விமானம், அப்படியே இருக்கட்டும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். "நீ கட்டினாப் போல மற்றதெல்லாம் பறக்காமல் விடுமோ?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நான் சொன்ன காரணம் பொய். படத்தில் ஏழு இருந்தது, என் விமானத்தில் ஒன்றும் இல்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

பால்மாப் பேணியின் உள்மூடித் தகட்டைச் சவர அலகால் நெல்மணி நீளத்துக்குக் கீலங்களாக வெட்டினேன். சிவப்பு பூசினேன். எழுத்துகள் எழுத இடமில்லை. ஊசி நுனியால் மூன்று வெள்ளைக் கீறல். கம்பிக்கு, எரிந்துபோன மேசைவிசிறியின் சுருளைப் பிரித்தேன். தலைமயிர் அளவு செப்புக் கம்பி. ஒரு முனையை நாடாவின் துளைக்குள் விட்டு, ஊசியின் மேல் சுற்றி வளையமாக்கி, சாமணத்தால் மூன்று முறுக்கு. மறுமுனைக்கு விமானத்தில், மெழுகுதிரியில் சுட்ட ஊசியால் ஒரு துளை. கூட அழுத்தினால் பிளாஸ்டிக் உருகி வழியும். துறைமுகக் காற்று ஜன்னலால் வந்து கீலங்களைத் தூக்கிப்போகும். கதவைச் சாத்தினால் வெளிச்சம் போதாது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு. திங்கட்கிழமை கச்சேரிக்கு லீவு போட்டு மூன்று. கடைசியானது வாலுக்கடியில், மூடி ஒன்றில் தொங்குவது.

அக்கா தேத்தண்ணி வைத்துவிட்டு நின்று பார்த்தாள். "தாலி கட்டி முடிஞ்சுதோ?" என்றாள். சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் அறையில் இன்னொருவரும் இருந்தார். எண்ணெய்க் கறை படிந்த மேலங்கி. விமானம் திருத்துபவர்களின் பொறுப்பாளர் என்று தெரிந்தது. அதிகாரி விமானத்தைக் கண்டு சிறுபிள்ளைபோலச் சந்தோசப்பட்டார். "நாடாகூடப் போட்டிருக்கிறார், பார்," என்று அவரிடம் தூக்கிக் காட்டினார். மற்றவர் பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். வாலுக்கடியில் பென்சில் நின்றது.

"இது பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளில் இல்லை. தளத்தில் நிற்கிற விமானத்தில்தான் இருக்கும்," என்றார். "இதை எங்கே பார்த்தீர்கள்?"

"சஞ்சிகையில்."

"கொண்டு வாருங்கள்."

என்னிடம் அது இல்லை. முந்திய மாதம் பக்கத்து ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடந்தபோது, படமுள்ள புத்தகம், வரைபடம் எல்லாவற்றையும் எல்லா வீடுகளிலும் பயந்து எரித்தார்கள். நானும் எரித்தேன். அதைச் சொல்ல வாயெடுக்குமுன் அவர் கேட்டார்:

"உங்கள் அத்தான் தளத்துக்குள் எத்தனை மாதம் வேலை செய்தார்?"

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுநாள் காலை பத்து மணி வரை தவணை தந்தார்கள்.

வீட்டில் என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. சஞ்சிகை வந்த நாளின் குறிப்பு. ஏழு நாடா, கோட்டுப் படம், மாமாவின் பார்சலில் ஒட்டியிருந்த முத்திரை பற்றிய விவரம் வரை அதில் இருந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"பிறகென்ன. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொண்டுபோய்க் குடன்."

நான் பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கிழமை துறைமுகத்துக்குள் வந்த கப்பல்கள், வந்த நேரம், போன நேரம், பகலில் எத்தனை தரம் விமானம் ஏறியது. எல்லாம் என் எழுத்தில்.

அவள் விரலை வைத்து வாசித்தாள். "இதெல்லாம் உனக்கு என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மாவோ." கொப்பியை மூடினாள். "இதைக் குடுத்தால் அவரையும் விடாங்கள், உன்னையும் விடாங்கள். எத்தினை கொப்பி இருக்கு?"

பதினான்கு. குசினி அடுப்பில் அக்காவே ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். மட்டைகள் எரிய நேரம் எடுத்தது. அன்றைய சோறு அந்த நெருப்பில் வெந்தது, இருவரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை வெறுங்கையோடு போனேன். பயத்தில் சஞ்சிகையை எரித்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதிகாரி தனியே இருந்தார். மேசையில் விமானம் நின்றது. ஏழு நாடாவும் பிடுங்கப்பட்டிருந்தன; ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன.

"நான் நம்புகிறேன்," என்றார். "ஆனால் அவர் அறிக்கை எழுதிவிட்டார். இனி உங்கள் அத்தானுக்காக நான் வாய் திறந்தால், இதைச் செய்தது யார் என்று கேட்பார்கள். உங்கள் பெயரையும் எழுத வேண்டி வரும்." பிறகு, "சனிக்கிழமை நான் தனியாகத்தான் இருந்தேன்," என்றார்.

வெளியே வந்தேன். அக்கா சாப்பாட்டுப் பார்சலோடு வேலிக்கருகே நின்றாள். விடியற்காலையில் அத்தானைத் தெற்குக்கு ஏற்றிவிட்டார்கள் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதிகாரி சொன்னதை முழுவதும் அவளிடம் சொன்னேன், சனிக்கிழமையையும் சேர்த்து. அவள் பார்சலை என்னிடம் தந்துவிட்டு முன்னே நடந்தாள்.

அத்தான் பத்தொன்பது மாதம் கழித்து வந்தார். இடது காது கேட்காது. வலது கையால் கரண்டியைக்கூட இறுக்கிப் பிடிக்க ஏலாது. சாந்துக் கரண்டியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூவரும் சாப்பிட இருந்தோம். அன்றுதான் முதல்முறையாக அதைப் பற்றிக் கதைத்தார்.

"முதல் மூண்டு கிழமையும் ஒருத்தரும் தொடேல்லை. சும்மா இருத்தி வைச்சிருந்தவங்கள். அங்க கொண்டுபோன பிறகுதான். வாலுக்குக் கீழ என்ன தொங்குது, ஆருக்குச் சொன்னனீ, இதுதான் கேள்வி. எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை. நான் அங்க கல்லுத்தானே வைச்சனான்."

நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். அக்கா அவருடைய சோற்றில் மீனை முள்ளெடுத்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஆற்றையோ கோவையோட மாறிப் போச்சாம்," என்றாள். "இவன் விசாரிச்சவன்."

அத்தான் கேட்கும் காதை என் பக்கம் திருப்பினார். "நீ கச்சேரியில இருக்கிறாய், மச்சான். உனக்குத் தெரியும்தானே. அப்பிடி மாறுமோ?"

அக்கா தலை நிமிரவில்லை. அவள் விரல்கள் முள் எடுப்பதை நிறுத்தியிருந்தன.

"ஓம் அத்தான்," என்றேன். "மாறும்."