மீனம்மாவும் நான் அழித்த நோர்மல் கோப்பும்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, சாமான் எதையாவது கெடுத்துவிடும். அது என் வீட்டுக்காரிக்கும் தெரியும், பரந்தன் சந்தியில் என் கடைக்கு வந்துபோகிற சனத்துக்கும் தெரியும். 2004ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு புதன்கிழமை அந்தக் கையால் நான் செய்த வேலையையும், அதற்குப் பிறகு மீனம்மா செய்ததையும் எழுதி வைக்கிறேன்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு போட்டோப்பிரதி இயந்திரம், ஒரு கணினி, ஒரு பிரிண்டர், பின்பக்கம் இரைந்துகொண்டிருக்கும் ஜெனரேற்றர். கணினியில் கடிதம் அடிப்பவர் மீனம்மா. தர்மபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களை விட்டு லொறிகளில் வன்னிக்கு வந்த சனத்தோடு அவரும் குழந்தையாக வந்தவர். சாதாரண தரப் பரீட்சை வரைதான் படிப்பு. ஆனால் அவருடைய விரல்கள் ஓடும்போது என் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்திருக்கிறேன்.

அவருடைய ஊர்ச்சனம் எதற்கெடுத்தாலும் கடிதம் அடிக்க வரும். காணிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, நிவாரணத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே விபரம்தான்: தாய் தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், பிள்ளைகளின் பிறந்த திகதிகள், குடும்ப அட்டை இலக்கம். இதைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் இருக்க மீனம்மா ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டு விபரத்தையும் அந்த வீட்டின் பட்டப்பெயரில் வேர்ட் மென்பொருளுக்குள் சேமித்து வைத்திருந்தார். ‘கிணத்தடி’ என்று அடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் கிணத்தடி வீட்டாரின் முழு விபரமும் திரையில் வந்து விழும். தகரக்கதவு, ஒற்றைமாடு, பழைய சங்கக்கடை என்று நாற்பது வீடுகள். அது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. மந்திரம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மாசியில் என் மனைவியின் தம்பி தில்லைநாதன் கனடாவிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? கணினியைத் திருத்தித் தருகிறேன் என்று இரண்டு நாள் அதிலேயே குந்தியிருந்தான். அவன் கொழும்புக்குப் போன பிறகு பார்த்தால் திரையின் மேலே இருக்கும் கருவிப் பட்டைகளில் பாதியைக் காணவில்லை, எழுத்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது, அச்சடித்தால் பாதி வசனம் தாளுக்கு வெளியே போகிறது.

செவ்வாய் பின்னேரம் அறிவித்தல் வந்தது. இந்திய வம்சாவளி மலையகச் சனத்துக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் முந்தின வருடம்தான் வந்திருந்தது. அதற்கான அதிகாரிகள் வியாழக்கிழமை கிளிநொச்சிக்கு வருகிறார்களாம். ஒவ்வொரு குடும்பமும் விபரக் கடிதத்தோடு போக வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாற்பது வீட்டுக்கு நாற்பது கடிதம், தனியாக இருக்கும் மீனம்மாவுக்கு ஒன்று. எல்லாம் புதன்கிழமைக்குள் முடிய வேண்டும்.

புதன் காலை நான் நேரத்தோடு கடையைத் திறந்தேன். வேர்ட் அப்போதும் அடம்பிடித்தது. பக்கத்துத் தொலைத்தொடர்பு நிலையத்துக்குப் போய், கொழும்பில் நின்ற தில்லைநாதனைத் தொலைபேசியில் பிடித்து நன்றாகத் திட்டினேன். அவன் சிரித்துவிட்டு, நோர்மல் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதைத் தூக்கிவிட்டுத் திறந்தால் எல்லாம் பழையபடி வரும் என்றான். வந்து தேடிப் பிடித்து அழித்தேன். கணினியில் அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைக் கூடையையும் அதே கையோடு வெறுமையாக்கினேன். கடையோ கணினியோ, குப்பை கிடக்க எனக்குப் பொறுக்காது.

திறந்தேன். வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. பட்டைகள் எல்லாம் தத்தம் இடத்தில், வெள்ளைத் தாள் நடுவில். இரண்டு நாள் அலங்கோலம் ஒரு கோப்போடு போய்விட்டதே என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். பெருமையும் வந்தது.

மீனம்மா வந்து உட்கார்ந்து ‘கிணத்தடி’ என்று அடித்துப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. ‘தகரக்கதவு’ அடித்தார். அதுவும் இல்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணை, நோர்மல் கோப்பை என்ன செய்தனீங்கள்?”

“அழிச்சனான்.”

“பேரை மாத்தி ஒரு பக்கத்தில வைக்கேல்லையோ?”

அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. கூடையை வெறுமையாக்கியதையும் சொன்னேன். நாற்பது வீடும் அந்தக் கோப்புக்குள்தான் குடியிருந்தன. திரும்பப் போய்க் கேட்கவும் வழியில்லை. அறுவடைக் காலம், சனம் விடியவே வயல் வயலாகச் சிதறிவிடும். அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை.

முதலில் வேர்டை எங்கள் வழிக்குக் கொண்டுவந்தார். பழையபடி ஆகிய மென்பொருள் ஆங்கிலத்துக்கென்று செய்த ஒழுங்கில் நின்றது. தமிழ் எழுத்துருவைப் போட்டார், தாளின் அளவை மாற்றினார், தானாகத் திருத்துகிற வேலைகளையெல்லாம் நிறுத்தினார். பத்து நிமிடம் போயிருக்கும்.

“மதகடியில இருந்து துவங்குறன்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கண்டேன், அவர் மனதுக்குள்ளேயே தர்மபுரத்து ஒழுங்கை வழியே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். மதகடி முதல் வீடு, அதற்கு எதிர் வீடு, வேலியோடு திரும்பினால் ஒற்றைமாடு. ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று தாய், தகப்பன், தோட்டம், பிள்ளைகள், திகதி, இலக்கம் என்று அடித்தார். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. நான் அச்சடித்து அடுக்கினேன். ஆனால் அடித்தது சரியா பிழையா என்று பார்க்க எனக்கு ஒரு வழியும் இல்லை.

மத்தியானம் பழைய சங்கக்கடை வீட்டு நடராசா வந்தார். போன வருடம் எங்களிடம் அடித்த கடிதம் ஒன்று அவரிடம் பொலித்தீன் பையில் மடிந்து கிடந்தது. அதை வாங்கி, மீனம்மா அன்று அடித்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகளின் திகதிகள், அட்டை இலக்கத்தின் ஒன்பது எண்கள், எதுவும் மாறவில்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். மனித மண்டைக்குள் இவ்வளவுக்கு இடம் இருக்கிறதா என்று நினைத்தேன். எனக்கு என் சொந்த அட்டை இலக்கமே தெரியாது.

நாலு மணிக்கு நாற்பதாவது கடிதம் வெளியே வந்தது. மீனம்மா எழும்பி விரல்களை உதறினார். உம்முடைய கடிதம் எங்கே என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்று சைக்கிளை எடுக்கப் போனார். நான் விடவில்லை. அவரைப் பக்கத்தில் இருத்திவிட்டு, ஒற்றை விரலால் நானே அடிக்கத் தொடங்கினேன். பெயர், மீனம்மா. தகப்பன் பெயர், கருப்பையா. இரண்டு வருடமாக என் கடையில் வேலை செய்தவரின் தகப்பன் பெயரை அன்றைக்குத்தான் கேட்டறிந்தேன். பிறந்த திகதி என்னவென்று கேட்டேன்.

“தெரியாது அண்ணை. இஞ்ச வந்த வருசமே அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில போயிட்டினம். ஆருக்காவது நினைவிருக்கும் எண்டு வீடு வீடாக் கேட்டனான். தங்கட பிள்ளையள் பிறந்த நாளெல்லாம் சொல்லுவினம். நானும் விடாமக் கேட்டுக்கொண்டு இருப்பன், இடையில என்ர நாள் வராதோ எண்டு. நாப்பது வீட்டிலயும் வரேல்ல.”

வருகிற சனத்தோடு கதை வளர்க்கிறார் என்று அவரை எத்தனை தரம் கடிந்திருப்பேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அது.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்: ‘இவருக்குத் தன் பிறந்த திகதி தெரியாது. இத்துடன் வரும் நாற்பது குடும்பங்களின் பிறந்த திகதிகளும் இவருக்கு மனப்பாடம். இதற்கு நான் சாட்சி.’ இப்படி எழுதினால் ஒரு அதிகாரியும் ஏற்கமாட்டார் என்று மீனம்மா சொன்னார். நான் அச்சடித்துக் கையெழுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கிளிநொச்சிக்கு நானும் போனேன். அதிகாரி அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் நாற்பது வீட்டுக் கடிதக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, கையால் மறைத்துக்கொண்டு, ஒற்றைமாடு வீட்டுக் கடைசிப் பெண்ணின் திகதியைக் கேட்டார். மீனம்மா சொன்னார். இன்னொன்றை உருவி அட்டை இலக்கத்தைக் கேட்டார். அதையும் சொன்னார். மூன்றாவதை உருவியவர், ஒன்றும் கேட்காமல் திரும்ப வைத்தார். மீனம்மாவுக்குக் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்.