மண்ணுக்குள் போன ஒயரும் என் சந்தேகமும்

ஒரே மாதத்தில் எங்கள் பம்ப்செட் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. மேட்டூர் அணை திறக்காத ஆடி மாதம். போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவை நெல் நட்டிருந்தோம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பயிர் கருகுவதைப் பார்த்து அழுதேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். நில உச்சவரம்புச் சட்டத்தில் என் மாமனாருக்குக் கிடைத்த நிலம். அதை இழந்தது பக்கத்து வயல்காரர் ராமதுரையின் குடும்பம். வழக்கு ஓய்ந்தும் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. மின்கம்பத்திலிருந்து எங்கள் மோட்டாருக்கு வரும் ஒயர் அவர் வயலுக்கு அடியில்தான் வருகிறது.

"நடுவுல ஒயரைச் சுரண்டி கரண்ட்டை உறிஞ்சுறான். நாளைக்கு ஆளுங்களோட போயி அவன் லைனை அறுக்குறேன்" என்றார் என் கணவர். நானும் நம்பினேன். ஆனால் ரத்தம் விழுமோ என்று பயந்தேன்.

அன்று மத்தியானம் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அந்த மண்ணுக்குள் இருப்பதை எனக்குக் காட்டும்."

எலக்ட்ரிக்கல் டிப்ளமாவில் மனப்பாடம் செய்து தேறிய 'டூ போர்ட் நெட்வொர்க்' பாடம் நினைவுக்கு வந்தது. மூடிய பெட்டி. ஒரு பக்கம் மின்சாரம் நுழைகிறது, மறுபக்கம் வெளியேறுகிறது. திறக்கவே வேண்டாம், இரு பக்கமும் மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் அளந்தால் பெட்டியின் குணம் தெரிந்துவிடும். சூத்திரங்களை ஒப்பித்தேனே தவிர, அது எதற்கென்று அன்றுதான் புரிந்தது. மண்ணுக்குள் கிடக்கும் ஒயர்தான் அந்தப் பெட்டி. இது கர்த்தர் தந்ததா, என் மூளையா? அதிலும் சந்தேகம்.

எலக்ட்ரீஷியனிடம், ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இரண்டு இரவல் வாங்கினேன். ராமதுரை வயலில் கால் வைக்க மாட்டேன் என்றார் கணவர். எங்கள் சந்தேகத்தைச் சொல்லி, அந்த வயலில் இருக்கும் கம்பத்தடியில் நின்று மீட்டரைப் பார்க்க ராமதுரையையே கேட்டேன்.

"திருடனையே காவலுக்கு வைக்கிறியாம்மா?" என்று சிரித்தார். ஆனாலும் வந்தார்.

பழுது பார்த்து மாட்டிய மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு ஒயராக இரு முனையிலும் அளந்தோம். அவர் கத்திய எண்ணும் என் மீட்டர் காட்டியதும் ஒன்றே. பொய் சொல்கிறாரோ?

"நம்பலேன்னா நீயே இங்க வந்து பாரும்மா!"

இடம் மாறினோம். அதே எண்கள். நடுவில் யாரும் மின்சாரம் எடுக்கவில்லை. பிறகு வோல்டேஜை நானே அளந்தேன். கம்பத்தில் மூன்று ஒயரும் சரி. மோட்டார் பக்கம் ஒன்றில் மட்டும் மிகக் குறைவு. அப்படியென்றால் நடுவில் ஏதோ தடுக்கிறது, அதனால்தான் மோட்டார் எரிகிறது.

கணவர் முகம் வெளுத்தது. "போன வருஷம் இவரு வயல் உழவுல நம்ம ஒயர் அறுந்துச்சு. தோண்டணும்னு இவருகிட்ட கேக்க மனசில்லாம, விடியறதுக்குள்ள நான்தான் முறுக்கி டேப் சுத்திப் புதைச்சேன்."

ராமதுரையே மண்வெட்டி கொடுத்தார். "தோண்டுங்க. திருட்டுக் கரண்ட் கிடைச்சா எனக்குப் பாதி."

இணைப்பு கரிந்து கிடந்தது. எங்கள் கை செய்த வேலை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கணவர் கேட்க இரண்டு நாள் ஆனது, ஆனால் கேட்டார்.

இணைப்பைச் சரியாகப் போட்டதும் மோட்டார் ஓடியது, பயிர் பிழைத்தது. சண்டை நடக்கவில்லை. தேவனுக்கு நன்றி.

சகோதரிகளே, எனக்கு இன்னும் சந்தேகப் புத்தி போகவில்லை. முன்பு வீட்டுக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிடுவேன். இப்போது ஜெபித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தேகப்பட்டவர் வீட்டுக்கே நடக்கிறேன். நீங்களும் கர்த்தரை நம்பி ஒருமுறை நடந்து பாருங்கள்.